ஒழுகும் குழாயும் மூன்றாம் வகுப்பும்

தொடக்கப்பள்ளி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், தொழில்கள் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் சுவரில் ஒரு படத்தாளை மாட்டுவேன். மருத்துவர், காவலர், தபால்காரர் என்று ஒவ்வொன்றாகச் சுட்டிப் பெயர் சொல்ல வைத்து, ‘பெரியவர்களானதும் என்ன ஆகப் போகிறீர்கள்?’ என்று கேட்டுப் பாடத்தை முடித்துவிடுவேன். பிள்ளைகளும் சளைக்காமல் கை தூக்குவார்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் ஏழெட்டைத் தாண்டுவதே இல்லை என்பதையும், அவர்கள் ஆசைப்படும் தொழிலைச் செய்பவர் காலை முதல் மாலை வரை என்னதான் செய்கிறார் என்று கேட்டால் வகுப்பே வாயடைத்துப் போகிறது என்பதையும் நான் கவனிப்பதற்கே நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன.

இது என் வகுப்புக்கு மட்டும் உரிய குறை அன்று. பல நாடுகளைச் சேர்ந்த 7 முதல் 11 வயதுக்குட்பட்ட 20,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம், வருங்காலத்தில் செய்ய விரும்பும் வேலையை வரையச் சொல்லி நடத்திய ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. அந்த வேலையைப் பற்றித் தங்கள் பள்ளிக்கு வந்த ஒருவர் மூலம் தெரிந்துகொண்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. குடும்பத்தாரும் தொலைக்காட்சியும் காட்டுவதே பிள்ளையின் உலகம் என்றாகிவிடுகிறது. அந்த வட்டம் சிறியதாக இருந்தால் ஆசையும் அதற்குள்ளேயே சுற்றி வருகிறது.

சரி, ஆட்களை அழைப்போம் என்று முடிவெடுத்தேன். முதலில் வந்தவர் ஒரு நிறுவனத்தில் மேலாளர். படங்களும் வரைபடங்களுமாக நாற்பது நிமிடம் பேசினார். முடிவில் ஒரு சிறுமி எழுந்து, ‘இப்படிப் பேசுவதுதான் உங்கள் வேலையா?’ என்று கேட்டாள். அவள் குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்கு வேறொன்றும் புலப்படவில்லை. குற்றம் அவருடையதும் அன்று. உங்கள் வேலையைப் பற்றிப் பேசுங்கள் என்று நான் கேட்டிருந்தேன், அவர் பேசினார்.

அடுத்த முறை பேச்சே வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். எங்கள் வராந்தாவில் பல நாளாக ஒழுகிக்கொண்டிருந்த ஒரு குழாயைச் சரிசெய்ய வரவிருந்த பிளம்பரிடம், பள்ளி விட்ட பிறகு வராமல் வகுப்பு நடக்கும்போதே வந்து, பிள்ளைகள் பார்க்க வேலை செய்ய முடியுமா என்று கேட்டேன். வந்தவர் குழாயைத் தொடவே இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, நேராக மாடிப்படிக்கு அடியில் இருந்த வால்வை நோக்கி நடந்தார். ஏன் அங்கே போகிறேன், சொல்லுங்கள் பார்ப்போம் என்று அவர் கேட்க, பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். தொழில் பழகிய காலத்தில் வால்வை மூட மறந்து குழாயைக் கழற்றித் தலையிலிருந்து கால்வரை நனைந்த கதையை அவர் சொன்னபோது எழுந்த சிரிப்பில், அதுவரை ஒதுங்கி நின்ற பிள்ளைகளும் அருகில் வந்துவிட்டார்கள்.

எல்லோரும் கையில் வாங்கிப் பார்க்கட்டும் என்று குழாயைச் சுவரிலிருந்தே கழற்றி, உள்ளிருந்த வாஷரை வெளியே எடுத்தார். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு ரப்பர் வட்டம். அழுந்தி அழுந்தி நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. இத்தனை சிறியதற்காகவா இவ்வளவு தண்ணீர் போனது என்று ஒருவன் கேட்டான். புது வாஷர் போட்டுத் திரும்ப மாட்டும் முன், மரையில் வெள்ளை டேப் சுற்றும் வேலையை ஒரு மாணவனிடம் கொடுத்தார். அவன் எதிர்த்திசையில் சுற்றினான். அவர் தடுக்கவில்லை. குழாயைத் திருகத் திருக டேப் சுருண்டு பிரிந்து வந்ததைப் பார்த்த பிறகுதான், மரை திரும்பும் பக்கமே டேப்பும் சுற்றவேண்டும் என்பதை அவனே சொன்னான். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் எத்தனை படத்தாள்களை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன்.

பெற்றோர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. படிக்க அனுப்பிய பிள்ளையை இப்போதே வேலைக்குப் பழக்குகிறீர்களா என்று ஒருவர் நேரிலேயே கேட்டார். அந்த அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. குழந்தைகளைச் சுரண்டலிலிருந்தும், கல்விக்கு இடையூறாகும் வேலையிலிருந்தும் காக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 32-ஆவது பிரிவு சொல்வதற்குப் பின்னால் நீண்ட துயர வரலாறு உண்டு. ஆனால் வேலைக்குப் பழக்குவது வேறு, வேலையைப் புரியவைப்பது வேறு. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், மரவேலை செய்தார்கள். அவர்களைச் சமையல்காரர்களாகவோ நெசவாளர்களாகவோ ஆக்குவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. பொருள்கள் எப்படி இயங்குகின்றன, மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படிச் சார்ந்திருக்கிறார்கள் என்பவற்றை அந்த வேலைகளின் வழியே அறியலாம் என்று அவர் நம்பினார். எங்கள் வகுப்பிலும் அழுத்தம் என்ற சொல் அறிவியல் புத்தகத்துக்கு முன்பே ஒரு குழாயிலிருந்து வந்து சேர்ந்தது.

ஆண் வேலை, பெண் வேலை என்ற பாகுபாடு பிள்ளைகள் மனத்தில் எவ்வளவு சீக்கிரம் குடியேறிவிடுகிறது என்பது தனிக்கதை. 1983-இல் டேவிட் சேம்பர்ஸ் வெளியிட்ட ஆய்வில், அறிவியலாளரை வரையச் சொன்னபோது 4,807 பிள்ளைகளில் 28 பேரே பெண்ணை வரைந்தார்கள். அந்த 28 பேரும் சிறுமிகள். இயந்திரம் பழுதுபார்ப்பவரை வரையுங்கள் என்று நான் சொன்னபோது, 34 தாள்களில் இரண்டில்தான் பெண் இருந்தார். மறுநாள் லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு பெண்மணி கருவிப்பெட்டியுடன் உள்ளே வந்தார். அவர் பெண் என்பதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இருட்டுக் குழிக்குள் இறங்கப் பயமாக இருக்காதா என்றுதான் கேட்டார்கள். முதல் சில மாதங்கள் பயமாகத்தான் இருந்தது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். ஆறு மாதம் கழித்து மீண்டும் வரையச் சொன்னபோது இரண்டு ஏழாகியிருந்தது. ஒரே வருகையில் எல்லாம் மாறிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த ஏழு என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

என் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். அப்பாவின் வேலையைப் பற்றி எழுதி வாருங்கள் என்று ஒருமுறை வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஒரு மாணவன் தன் தந்தை விமானி என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தான். அவர் ஓராண்டாக வேலையின்றி இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பொய் எழுதும்படி அவனைத் தள்ளியது என் கேள்வி. இப்போது, உனக்குத் தெரிந்த யாராவது ஒருவர் ஏதாவது ஒரு வேலை செய்வதைக் கால் மணி நேரம் கூடவே இருந்து பார்த்து, அவர் கைகள் என்ன செய்தன என்று எழுது என்று மாற்றிவிட்டேன். கைக்குழந்தையைத் தூங்கவைக்கும் பாட்டிகளும் கிழிசல் தைக்கும் அம்மாக்களும், சம்பளம் என்ற ஒன்றே இல்லாமல், அந்த நோட்டுகளுக்குள் வந்துவிட்டார்கள்.

இந்த ஆண்டு முதலில் அழைத்திருப்பது எங்கள் பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதும் அம்மையாரை. பிள்ளைகள் தினமும் அவருடைய ஜன்னலைக் கடந்துதான் போகிறார்கள். அவர் என்ன செய்கிறார் என்று கேட்டால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்கிறார்கள். நான் போய்க் கேட்டபோது, ‘என் வேலையில் காட்டுவதற்கு என்ன சார் இருக்கிறது?’ என்றார். கணக்கு இடித்த நாள் ஒன்றின் பேரேட்டுப் பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொண்டுவாருங்கள், எங்கே பிசகு என்று அவர்களே தேடட்டும் என்று சொல்லியிருக்கிறேன். பழைய பேரேடுகளை இறக்கிவைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.