ட்ரியர் நாட்குறிப்பு: நின்ற கற்களும் போன கற்களும்

அக்டோபர் 2, 2024, புதன்

கோப்லென்ஸில் ரயில் மாறியதிலிருந்து ஜன்னலை விட்டு நகரவில்லை. மோசெல் ஆறு கூடவே வந்தது. ஏணி வைத்துத்தான் ஏற முடியும் என்கிற மாதிரி சரிவுகளில்கூடத் திராட்சைக் கொடி நட்டிருக்கிறார்கள். கோகெம் தாண்டி நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு சுரங்கம். அது முடிந்ததும் மறுபடி ஆறு, மறுபடி கொடி.

இது பழைய கட்டடப் பாதுகாப்புப் பாடத்துக்காக, ரோமானியர் காலத்து நகரமான ஜெர்மனியின் ட்ரியருக்குப் போகும் களப்பயணம். பிரேசில், துருக்கி, இந்தோனேசியா, ஜெர்மனி என்று பல ஊர்ப் பிள்ளைகள். தமிழ் பேச எனக்கு இருப்பது எனக்கு மேல் வகுப்பில் படிக்கும் மதுரை அக்கா ஒருவர்தான். பேராசிரியர் ரயிலிலேயே வேலையைச் சொல்லிவிட்டார். பார்க்கிற ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரே கேள்விக்கு விடை எழுத வேண்டும்: இது ஏன் இன்னும் நிற்கிறது? “ரோமானியர்கள் உறுதியாகக் கட்டினார்கள் என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. இடிந்து போனவற்றையும் அவர்களேதான் கட்டினார்கள்” என்றார்.

விடுதியில் பையைப் போட்டுவிட்டு நேராக ஆற்றங்கரைக்குப் போனோம். அங்கே ரோமானியப் பாலம், ஜெர்மனியில் நிற்கிற பாலங்களில் மிகப் பழையது. இந்த இடத்தில் முதலில் கி.மு. 18/17 வாக்கில் மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். இப்போதுள்ள கல்தூண்கள் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பசால்ட் என்ற கறுத்த எரிமலைக் கல். நீர் வரும் பக்கம் தூண்களுக்குக் கூரான மூக்கு, வெள்ளத்தைக் கிழித்துவிடுவதற்காக. மேலேயுள்ள வளைவுகள் ரோமானியருடையவை அல்ல. 1689இல் பிரெஞ்சுப் படை வெடி வைத்துத் தகர்த்தபின், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே தூண்கள் மேல் புதிதாகக் கட்டியவை. 1945 மார்ச்சில் அமெரிக்கப் படை வந்தபோது பாலம் தகர்க்கப்படாமல் கைக்கு வந்தது.

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே மேலே பேருந்து போனது. தூணில் கை வைத்துப் பார்த்தேன். அதிர்வு தெரியவில்லை. குறிப்பேட்டில் எழுதிய முதல் விடை: ஆற்றைக் கடக்க வேண்டிய தேவை ஒருநாளும் நிற்கவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

இன்று ஜெர்மனியின் ஒருமைப்பாட்டு நாள், கடைகள் எல்லாம் அடைப்பு. காலைக் குளிரில் போர்ட்டா நீக்ரா முன்னால் கூடினோம். ‘கறுப்பு வாயில்’ என்ற பெயர் பிற்காலத்தில் வந்தது. உண்மையில் இது சாம்பல் நிற மணற்கல், காலப்போக்கில் கறுத்துப் போனது. சுமார் 30 மீட்டர் உயரம், 36 மீட்டர் அகலம். நகர மதிலுக்கு நான்கு பெரிய வாயில்கள் இருந்தன. வடக்கு வாயிலான இது ஒன்றுதான் மிச்சம். வாயிலையொட்டிக் கிடைத்த மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி, கி.பி. 170இல் கட்டுமானம் நடந்ததென்று 2018இல் அறிவித்தார்கள். அதற்கு முன்வரை ஆண்டு தெரியாமல் பெரிய விவாதம் நடந்திருக்கிறது.

எனக்குப் பிடித்தது இதன் கட்டுமான முறை. சுண்ணாம்புச் சாந்து கிடையாது. டன் கணக்கில் எடையுள்ள கற்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, பக்கத்துக் கல்லோடு இரும்புப் பட்டையால் கோத்து, பட்டை அசையாமல் ஈயம் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள். இப்போது சுவர் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி ஓட்டைகள். இடைக்காலத்தில் இரும்புக்கும் ஈயத்துக்கும் ஆசைப்பட்டுக் கல்லைக் குடைந்து உருவியிருக்கிறார்கள். பட்டை போயும் கட்டடம் விழவில்லை. கல்லின் எடையே கல்லைப் பிடித்து நிறுத்துகிறது. ஒரு முழுச் செமஸ்டர் உராய்வு விசை படித்ததைவிட அந்த ஓட்டைகளைப் பார்த்த பத்து நிமிடம் எனக்கு அதிகம் புரிய வைத்தது.

இன்னொன்று: இந்த வாயில் வேலை முடியாத கட்டடம். நிறைய கற்களில் மேற்பரப்பைச் செதுக்காமல் குவாரியிலிருந்து வந்த மேடுகளோடு அப்படியே விட்டிருக்கிறார்கள்.

சரி, மற்ற மூன்றும் போய் இது மட்டும் ஏன் நின்றது? ஒரு துறவியால். சிமியோன் என்ற கிரேக்கத் துறவி, சீனாய் மலையிலிருந்து வந்தவர், 1030 வாக்கில் இதன் கிழக்குக் கோபுரத்தில் தன்னை உள்ளே வைத்துச் சுவர் எழுப்பச் சொல்லிவிட்டார். 1035இல் அங்கேயே இறந்தார், புனிதரானார். பேராயர் பொப்போ அவருக்காக வாயிலையே தேவாலயம் ஆக்கினார். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தேவாலயங்கள். கீழ்த்தளத்தை மண் கொட்டி மூடி மேலே ஏறப் படி கட்டினார்கள். வாயில் மண்ணுக்குள் போனது, கல் பிழைத்தது.

1804இல் நெப்போலியன் இங்கே வந்தார். தேவாலயப் பகுதிகளை இடித்துப் பழைய ரோமானிய வடிவத்தை மீட்கும்படி உத்தரவிட்டார். மிஞ்சியது கிழக்குப் பக்கம் ஒட்டியிருக்கும் 12ஆம் நூற்றாண்டு அரைவட்டப் பகுதி ஒன்றுதான்.

இதில்தான் இன்று பெரிய சண்டை. துருக்கித் தோழனுக்கு நெப்போலியன் செய்தது சரி. அவர் இல்லாவிட்டால் இந்த வாயிலை நாம் பார்த்திருக்கவே முடியாது என்கிறான். எனக்கு ஒப்பவில்லை. எழுநூறு வருஷத்துக்கு மேல் வழிபாடு நடந்த இடம் அது. காப்பாற்றிய பகுதியை இடித்துவிட்டு, காப்பாற்றப்பட்டதை மட்டும் வைத்துக்கொள்வது நியாயமில்லை. மதுரை அக்கா என்னைத் தனியாக இழுத்து, “ஏய், அவன்கிட்ட ஏன்டி இம்புட்டு மல்லுக்கட்டுற? உள்ள போய் அந்தப் பூ வேலையைப் பாரு” என்றார். போய்ப் பார்த்தேன். ரோமானியச் சுவர் மேலேயே பிற்காலத் தேவாலயக்காரர்கள் செதுக்கிய கொடியும் உருவங்களும். அதைப் பார்த்த பிறகு என் கட்சி இன்னும் உறுதியானது.

மத்தியானம் பேராலயம். அதன் நடுப்பகுதிச் சுவர்கள் 4ஆம் நூற்றாண்டு ரோமானியச் சுவர்கள். வாசலில் உடைந்த கருங்கல் தூண் ஒன்று கிடக்கிறது, உள்ளூர்க் குழந்தைகள் அதில் சறுக்கி விளையாடுகிறார்கள். கார்ல் மார்க்ஸ் பிறந்த வீட்டை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. 2018இல் சீனா கொடுத்த பெரிய சிலை முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம்.

அக்டோபர் 4, வெள்ளி

கான்ஸ்டன்டைன் பசிலிக்கா. பேரரசர் கொலுவிருந்த மண்டபம், 4ஆம் நூற்றாண்டின் தொடக்கம். நீளம் 67 மீட்டர், உயரம் 33 மீட்டர், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. உள்ளே நுழைந்ததும் எங்கள் கூட்டம் மொத்தமும் பேச்சை நிறுத்திவிட்டது. எதிர்ச் சுவர் வளைவிலுள்ள ஜன்னல்களைப் பக்கவாட்டு ஜன்னல்களைவிடச் சிறிதாக வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு அது இன்னும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். அரசன் எட்டாத தொலைவில் உட்கார்ந்திருக்க வேண்டுமே! தரைக்கு அடியிலும் சுவருக்குள்ளும் சூடான காற்று ஓடிக் குளிர் போக்கிய அமைப்பு இருந்தது.

பேரரசு போனபின் ஆயரின் கோட்டை; பிறகு இரண்டு பக்கச் சுவரை இடித்து அரண்மனையோடு சேர்த்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய அரசர் மீட்டுக் கட்டி 1856இல் புராட்டஸ்டண்ட் தேவாலயம் ஆக்கினார். 1944 குண்டுவீச்சில் எரிந்தது. போருக்குப்பின் உள்ளே மீண்டும் அலங்காரம் செய்யாமல் செங்கல்லை வெறுமையாக விட்டுவிட்டார்கள். நல்ல முடிவு என்பேன். ஆனால் நாம் வியக்கிற இந்த வெறுமை ரோமானியர் கண்டதல்ல. அன்று சுவரெல்லாம் பளிங்கு, வெளிப்பக்கம் பூச்சு.

பேரரசர் குளியல் மண்டபத்தில் வேலையாட்கள் நடமாடிய நிலத்தடி வழிகளில் சுற்றினோம். குளியலறையாக இது முடிக்கப்படவேயில்லை. பின்பு வாகன நிறுத்தம் கட்டத் தோண்டும்போது 1987இல் அகப்பட்ட இன்னொரு ரோமானியக் குளியல் மண்டபம். மேலே கண்ணாடிக் கட்டடம் எழுப்பி மூடியிருக்கிறார்கள். கால் வலியில் அங்கே நான் அதிகம் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆம்ஃபிதியேட்டர், மனிதர்களையும் மிருகங்களையும் மோதவிட்டு வேடிக்கை பார்த்த ரோமானிய அரங்கம். சுமார் 18,000 பேர் உட்காரக்கூடியது என்கிறார்கள். பார்க்கப் போனால் புல் மேடு, நடுவில் நீள்வட்ட மைதானம், அதற்கடியில் மனிதர்களையும் மிருகங்களையும் அடைத்து வைத்த நிலவறை. படிக்கல் எங்கே என்று நான் கேட்டதற்குப் பேராசிரியர் ஊர்ப் பக்கம் கையைக் காட்டினார். இடைக்காலத்தில் இது கல் குவாரி. உட்காரும் படிகள் எல்லாம் யார் யார் வீட்டுச் சுவரிலோ இருக்கின்றன. சரிவில் திராட்சையும் போட்டிருக்கிறார்கள்.

அதைக் கேட்டதும் என் ஊர் நினைவு வந்துவிட்டது. நான் ஜெயங்கொண்டத்துக்காரி. கும்பகோணம் போகும்போதெல்லாம் அணைக்கரை வழியாகத்தான் போவோம். கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் சுற்றுமதிலைப் பெயர்த்துத்தான் கல் கொண்டுபோனார்கள். ராஜேந்திர சோழன் எழுப்பிய கருங்கல் மதில், அணைக்குள் போனது. அக்காவிடம் சொன்னேன். “அந்த அணைத் தண்ணில எத்தனை ஊரு விளைஞ்சிருக்கும்” என்றார். அதுவும் உண்மைதான். அணையால் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்தவள் நான். ஆனாலும் அந்த மதில் இருந்திருக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்குப் போகவில்லை. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்தப் புல்மேட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 5, சனி

முழு நாளும் ரைன்லாந்து மாநில அருங்காட்சியகம். மழை வேறு.

நொய்மாகன் என்ற ஊரில் கிடைத்த கல்லறைச் சிற்பங்கள் இங்கே வரிசையாக இருக்கின்றன. ரோமானியப் பேரரசின் கடைசிக் காலத்தில் அவசரமாகக் கோட்டை கட்ட வேண்டி, பழைய சமாதிகளை உடைத்து அஸ்திவாரத்தில் போட்டிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் தோண்டியபோது வெயிலும் மழையும் படாத சிற்பங்களாக வெளிவந்தன. உடைத்துப் புதைத்ததே காப்பாகிவிட்டது. குவாரி விஷயத்தில் நேற்று நான் வைத்திருந்த கோபத்தை இது கொஞ்சம் குழப்பியது.

அதில் ஒன்று பள்ளிக்கூடக் காட்சி. நடுவில் தாடி வைத்த ஆசிரியர், இரண்டு பக்கமும் சுருளை விரித்துப் படிக்கும் மாணவர்கள், வலது ஓரத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு தாமதமாக வந்து நிற்கும் ஒருவன். காலையில் கடைசியாக வந்து சேர்ந்த பிரேசில் தோழனை எல்லோரும் அந்தச் சிற்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்தார்கள். அடுத்து மதுக் கப்பல்: பீப்பாய்கள் ஏற்றிய படகு, வரிசையாகத் துடுப்புகள், சிரித்த முகத்தோடு சுக்கான் பிடிப்பவன். புதனன்று ரயிலில் பார்த்த கொடிகளின் வியாபாரம் அன்றே இருந்திருக்கிறது.

பிறகு தங்கப் புதையல். 1993இல் கட்டட வேலைக்கு மண் தோண்டிய இயந்திரம் ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கிழித்தது. உள்ளே 2,500க்கும் மேற்பட்ட ரோமானியப் பொற்காசுகள், எடை சுமார் 18.5 கிலோ. ஒரு பகுதி மண்ணோடு லாரியில் ஏறிக் கொட்டுமிடம் வரை போய், அங்கேதான் கண்டெடுக்கப்பட்டது. 2019இல் திருடர்கள் உள்ளே புகுந்தும் கண்ணாடியை உடைக்க முடியாமல் ஓடிவிட்டார்கள்.

நீரோ காலத்திலிருந்து தொடங்கும் காசுகள். முகங்கள் இன்று வார்த்த மாதிரி கூர்மையாக இருக்கின்றன. அதே தங்கக் காசு வகைதான் நம் புதுக்கோட்டைப் பக்கமும் கிடைத்தது. 1898இல் 501 காசுகள் அகப்பட்டன, பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. இங்கே முகம் செலாவணி. அங்கே அந்த முகத்துக்கு மதிப்பில்லை, தங்கத்துக்கு மட்டும்தான். கண்ணாடிக்கு முன்னால் நின்று இதைப் பேராசிரியருக்குச் சொன்னபோது, அவர் தன் குறிப்பேட்டை எடுத்து ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முற்றத்தில் இகெல் தூணின் மாதிரி ஒன்று, வண்ணம் தீட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அசலை நாளை பார்க்கிறோம்.

அக்டோபர் 6, ஞாயிறு

இகெல் ட்ரியருக்குப் பக்கத்துச் சின்ன ஊர், லக்ஸம்பர்க் போகும் ரயில் தடத்தில். தெருவோரம், வீடுகளுக்கு நடுவே 23 மீட்டர் உயரத்தில் நிற்கிறது தூண். 3ஆம் நூற்றாண்டில் செக்குந்தீனியர் என்ற துணி வணிகக் குடும்பத்துச் சகோதரர்கள் இருவர் தங்கள் குடும்பத்தில் இறந்தவர்களுக்காகவும் தங்களுக்காகவும் எழுப்பிய நினைவுச் சின்னம். துணியை விரித்துத் தரம் பார்ப்பது, மூட்டை கட்டுவது, படகைக் கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுப்பது, குத்தகைப் பணம் வாங்குவது, குடும்பமாகச் சாப்பிடுவது என எல்லாம் கல்லில் இருக்கிறது. அரசர்களையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு இது ஒரு விருந்து.

இது நின்றதற்குக் காரணம் ஒரு தவறான நம்பிக்கை. பெரிய சிற்பத்தில் குடும்பத்தார் கைகோத்து நிற்பதைப் பிற்காலத்துக் கிறிஸ்தவர்கள் பேரரசர் கான்ஸ்டன்டைனின் பெற்றோர் திருமணம் என்று எடுத்துக்கொண்டார்கள். தாய் ஹெலனா புனிதர் அல்லவா? யாரும் தொடவில்லை. துணி வியாபாரிகள் ஒரு பேரரசியின் பெயரால் பிழைத்திருக்கிறார்கள்.

துருக்கித் தோழன் என்னிடம், “அப்போ அந்தத் தவறைத் திருத்தியது குற்றமா?” என்றான். இல்லை. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், இன்று சட்டமும் இருக்கிறது. 1986 முதல் இந்தத் தூணும் ட்ரியரின் மற்றச் சின்னங்களோடு யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆனால் போர்ட்டா நீக்ராவில் நடந்தது வேறு, அங்கே திருத்தவில்லை, இடித்தார்கள். இதில் மட்டும் அவன் தலையாட்டினான்.

திரும்பும் ரயிலில் பேராசிரியர் பக்கத்தில் போய் உட்கார்ந்து என் ஆய்வுத் தலைப்பைச் சொல்லிவிட்டேன்: கீழணையில் இருக்கும் கோயில் மதில் கற்கள். எவை இன்னும் தண்ணீருக்கு மேலே தெரிகின்றன, எவற்றில் உளி வேலை இருக்கிறது, அணையை இடிக்காமல் அவற்றை எப்படி ஆவணப்படுத்துவது என்று. பழைய கட்டுமான வரைபடம் கிடைக்குமா, பொதுப்பணித் துறையிடம் அனுமதி யார் மூலம் கேட்க வேண்டும், எந்த மாதத்தில் கொள்ளிடத்தில் தண்ணீர் குறையும் என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு மட்டும் அங்கேயே விடை சொன்னேன், மற்ற இரண்டுக்கும் இன்றிரவு அப்பாவுக்குப் போன் போட வேண்டும்.