அட்மிஷனுக்கு முன்பே விலையைப் பேசிவிட்டோம்

என் மகள் பதினோராம் வகுப்பில் இருக்கும்போதே அவளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டோம்: வருடத்துக்கு 30,000 டாலர், அதற்கு மேல் எங்களால் முடியாது. அமெரிக்காவில் பெயர்பெற்ற தனியார் கல்லூரிகள் பலவற்றில் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. நம்மவர்கள் வீடுகளில் "முதல்ல இடம் கிடைக்கட்டும், பணத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதுதான் வழக்கம். இங்கே அது சரிப்படாது. ஒரே வகுப்பில் உட்காரும் பிள்ளைகளின் வீடுகளில் ஆளுக்கொரு தொகை கட்டுகிறார்கள். எங்கே விண்ணப்பிக்கிறோம் என்பதிலேயே பாதி விலை முடிவாகிவிடுகிறது.

ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும், உதவித்தொகை போக நம் வீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று தோராயமாகக் காட்டும் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' இருக்கும். 2011 முதல் சட்டப்படி அது இருந்தாக வேண்டும். வருமான வரிப் படிவத்தையும் டபிள்யூ-2 என்ற வருடச் சம்பளச் சான்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். நாலைந்து கேள்வியோடு முடிகிற கால்குலேட்டரை நான் நம்பவில்லை. வீட்டின் மதிப்பு, மீதிக் கடன், சேமிப்பு என்று குடைந்து கேட்பதுதான் உண்மைக்குப் பக்கத்தில் வரும். மத்திய அரசின் கல்வி உதவிக்கு நிரப்பும் ஃபாஃப்சா படிவம் நாம் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இன்னொரு விரிவான படிவத்தையும் கேட்கும் கல்லூரிகளில் பல அந்த வீட்டையும் சேர்த்துக்கொள்கின்றன. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்த இரண்டு கல்லூரிகள் எங்களுக்குக் காட்டிய விலையில் பெரிய வித்தியாசம் வந்ததற்கு இதுதான் காரணம்.

எங்கள் வீட்டில் இரண்டு சம்பளம். வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி பெரும்பாலான இடங்களில் பூஜ்யம். ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் மதிப்பெண்ணுக்காக ஒரு டாலர்கூடத் தருவதில்லை. வருமானத்தை மட்டும்தான் பார்க்கின்றன. ஆகவே ஆசையாக எழுதி வைத்திருந்த பெயர்கள் சில அங்கேயே போயின. அவளுக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

மிச்சமிருந்த வழி, வருமானத்தைப் பார்க்காமல் படிப்புத் திறமைக்குத் தரும் மெரிட் ஸ்காலர்ஷிப். 'காமன் டேட்டா செட்' என்ற அறிக்கையைப் பல கல்லூரிகள் வருடாவருடம் வெளியிடுகின்றன. அதில் எச் பகுதியைத் திறந்தால், பணத்தேவை இல்லாத எத்தனை மாணவர்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்தார்கள், சராசரி எவ்வளவு என்று வரியாக இருக்கும். அதே அறிக்கையில் சேர்ந்தவர்களின் எஸ்ஏடி என்ற நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணும் உண்டு. இவளுடைய மதிப்பெண் மேல் கால்பகுதிக்குள் வரும் இடங்களை மட்டும் வைத்துக்கொண்டோம். அலபாமா பல்கலைக்கழகம் மாதிரி சில இடங்களில் இந்த மதிப்பெண்ணுக்கு இவ்வளவு என்று அட்டவணையே போட்டிருக்கிறார்கள். "அலபாமாவா? அங்க எனக்கு யாரைம்மா தெரியும்?" என்றாள். "மற்ற ஊர்ல மட்டும் யாரைத் தெரியும்?" என்றேன்.

பெரிய ஸ்காலர்ஷிப்புகளுக்குப் பல இடங்களில் கெடு நவம்பரிலோ டிசம்பர் தொடக்கத்திலோ முடிந்துவிடும். ஜனவரி வரை நேரமிருக்கிறது என்று இருந்தால் போச்சு. 'எர்லி டிசிஷன்' பக்கம் நாங்கள் போகவே இல்லை. இடம் கிடைத்தால் சேர்கிறேன் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு யாரிடம் விலையை ஒப்பிடுவது?

உதவி வராது என்று தெரிந்தும் ஃபாஃப்சாவை நிரப்பினோம். மத்திய அரசின் மாணவர் கடன் அதன் வழியாகத்தான் கிடைக்கும். முதல் வருடம் 5,500 டாலர் வரை. மெரிட் தொகைக்கும் அதைக் கேட்கும் கல்லூரிகள் உண்டு. விசா விஷயத்தில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. பிள்ளை அமெரிக்கக் குடிமகன் என்றால் பெற்றோர் ஹெச்-1பி வேலை விசாவில் இருந்தாலும் தடையில்லை. பிள்ளையே பெற்றோரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருந்தால் மத்திய அரசு உதவி கிடையாது; கல்லூரி தன் கையிலிருந்து தருவதைத்தான் நம்பவேண்டும்.

வசந்த காலத்தில் கடிதங்கள் வந்தன. ஒன்றில் 'மொத்த உதவி' என்று கொட்டை எழுத்தில் பெரிய தொகை. கீழே பிரித்துப் பார்த்தால் ஸ்காலர்ஷிப் பாதிகூட இல்லை. மாணவர் கடன், வளாகத்தில் வேலை பார்த்தால் கிடைக்கும் சம்பளம், அதற்கும் கீழே பெற்றோர் பெயரில் வாங்கவேண்டிய பிளஸ் கடன் எல்லாவற்றையும் கூட்டிப் போட்டிருந்தார்கள். கடன் எப்படி உதவி ஆகும்? அதற்குப் பிறகு எந்தக் கடிதம் வந்தாலும் மொத்தச் செலவிலிருந்து திருப்பித் தரவேண்டாத பணத்தை மட்டும் கழித்து, மிச்சத்தை ஒரு எக்செல் தாளில் குறித்துக்கொண்டோம்.

அவளுக்குப் பிடித்த கல்லூரி எங்கள் வரம்புக்குக் கொஞ்சம் மேலே நின்றது. இன்னொரு கல்லூரியின் கடிதத்தை இணைத்து, கெஞ்சாமல் நாலு வரியில் மின்னஞ்சல் அனுப்பினாள். வருடத்துக்கு 4,000 டாலர் கூட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் மறுத்திருந்தாலும் எங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று ஸ்காலர்ஷிப் தொடர, நாலுக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்ணான ஜிபிஏ 3.5 கேட்டது, மற்றது 3.0. பொறியியலில் முதல் வருடம் 3.5 என்பது கத்திமேல் நடப்பது. இரண்டாவதில் மே 1-க்குள் முன்பணம் கட்டினோம். கட்டணம் வருடாவருடம் ஏறும், ஸ்காலர்ஷிப் தொகை அப்படியே நிற்கும். அந்த இடைவெளிக்காக 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் இருப்பதைக் கடைசி இரண்டு வருடங்களுக்கென்று தொடாமல் வைத்திருக்கிறோம்.