ராஸ் எங்கே தூங்கும்?

பிப்ரவரி 1, 2025, சனி

தொட்டி வைத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். பாறையும் மணலும் போக சுமார் 350 லிட்டர் உப்புத்தண்ணீர். மீன்களில் இரண்டு க்ளவுன், ஒரு கோபி, ஓர் ஆறுவரி ராஸ் இருக்கின்றன. பவளங்களில் லெதர், மஷ்ரூம், சோவாந்திட் என்ற கல்கூடு இல்லாத வகைகள் மட்டும்தான். கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருபவை. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. அதனால் என் பாறையும் செயற்கைப் பாறைதான்.

மறுபடியும் ராஸ் வாங்குவது என்று இன்று முடிவு செய்தேன். போன அக்டோபரில் ஒரு ஃபேரி ராஸ் வைத்திருந்தேன். பம்ப் ஒயர் போகும் மூலையில் மூடியில் இரண்டு விரல் அகல இடைவெளி இருந்தது. அதன் வழியாகத் துள்ளிவிட்டது. காலையில் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் காய்ந்து கிடந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான்கு மாதம் எந்த மீனும் வாங்க மனம் வரவில்லை.

ராஸ் குடும்பத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள். விரல் நீளத்துக்கு மேல் வளராத ஆறுவரியும் அதில்தான், இரண்டு மீட்டர் வரை வளரும் நெப்போலியனும் அதில்தான். அன்று நிறத்தைப் பார்த்து மயங்கி வாங்கினேன். இந்த முறை ஒவ்வொரு இனத்துக்கும் முதலில் ஒரே ஒரு கேள்வி: இது எங்கே தூங்கும்? மணலுக்குள் புதைந்து தூங்குகிற ஜாதிக்கு மணல் தயாராக இருக்க வேண்டும். பாறை இடுக்கில் தூங்குகிற ஜாதிக்கு, அந்த இடுக்கை ஏற்கெனவே யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எந்த ஜாதியாக இருந்தாலும் பயந்தால் துள்ளும், அதனால் மூடி எல்லாவற்றுக்கும் பொது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பவரிடம் தொட்டி மூடிக்கு அலுமினியச் சட்டம் செய்யச் சொன்னேன். வலை மட்டும் நான் கொடுத்தேன். ஆறு மில்லிமீட்டர் கண், நிறமில்லாத நைலான். வெளிச்சமும் போகும், காற்றும் போகும். ஒயர் போகும் மூலைகளைத் தனியாக வெட்டி, ரப்பர் வைத்து அடைத்தேன். ஒரு பென்சில் நுழைகிற இடம்கூட இல்லை என்று நான்கு பக்கமும் பென்சிலை விட்டுப் பார்த்தேன்.

மணல் வேலையும் முடிந்தது. என் மணல் கொஞ்சம் முரடு, உடம்பைக் கீறும். வலது மூலையில் மட்டும் அதை எடுத்துவிட்டு நைஸ் மணல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போட்டேன். பழைய மணலை ஒரேயடியாகக் கிளறினால் அடியில் தேங்கிய கழிவு தண்ணீரில் கலந்துவிடும். அதனால் மூன்று நாட்களாகப் பிரித்துச் செய்தேன்.

பிப்ரவரி 15, சனி

சென்னையில் அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போய்வந்தேன். மூன்று கடை ஏறி இறங்கினேன்.

முதல் கடையில் க்ளீனர் ராஸ், நீல வால் ஆட்டிக்கொண்டு கண்ணாடியருகே வந்தது. பெரிய மீன்களின் உடம்பிலிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் மீன் அது. நான்கு மீன் இருக்கும் தொட்டியில் அதற்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? பெரும்பாலும் மெலிந்தே சாகும். வேண்டாம். அடுத்த கடையில் லெப்பர்ட் ராஸ், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பாறையில் ஊரும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்பது. என் தொட்டியில் அவ்வளவு தீனி இல்லை. அதையும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது கடையில் மஞ்சள் கோரிஸ். ஹாலிகோரெஸ் கிரைசஸ் என்பது முறையான பெயர். உடம்பு முழுக்க எலுமிச்சை மஞ்சள், முதுகுத் துடுப்பில் கறுப்புப் பொட்டு. 12 சென்டிமீட்டருக்கு மேல் வளராது, பவளத்தைத் தொடாது.

“அண்ணே, கொஞ்சம் தீனி போடுங்க, சாப்பிடுதான்னு பாக்கணும்” என்றேன். போட்டார். மைசிஸ் இறாலைப் பாய்ந்து எடுத்தது. வயிறு ஒட்டவில்லை. அப்புறம் வாயைப் பார்த்தேன். மணலில் பாய்ந்து பழகிய மீன், மணல் இல்லாத கண்ணாடித் தரையிலும் அப்படியே பாய்ந்து உதட்டைக் கிழித்துக்கொள்ளும். இதற்குக் காயம் இல்லை. “பாலித் தீவுலேர்ந்து வந்து மூணு நாள் ஆச்சு தம்பி” என்றார்.

வீட்டில் தனித்தொட்டியில் விட்டேன், நான்கு வாரம் அங்கேதான். உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மணல். நோய் வந்து செம்பு மருந்து போட வேண்டியிருந்தால் பவள மணல் அதை உறிஞ்சிவிடும். அதனால் நீச்சல்குள ஃபில்டருக்குப் போடும் சிலிக்கா மணல் வாங்கி வைத்திருந்தேன். விட்ட அரை நிமிடத்தில் தலைகுப்புறப் பாய்ந்து மணலுக்குள் போய்விட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

வரவில்லை.

பிப்ரவரி 19, புதன்

நான்காவது நாள். டப்பாவைத் தூக்கிப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது. தோண்டினால் பயந்து இன்னும் இரண்டு நாள் கூடும் என்று தெரியும். அமோனியா பார்த்தேன், சுழிதான். மீன் செத்திருந்தால் இந்நேரம் ஏறியிருக்கும். அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு தூங்கப் போகிறேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

விடிகாலை ஐந்தரைக்கு அம்மா எழுப்பினார். “டேய், உன் மஞ்ச மீனு வெளிய வந்து சுத்துதுடா, வந்து பாரு.”

ஓடினேன். மணலிலிருந்து எழுந்து டப்பாவைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ராஸ் நீந்துவதே தனி அழகு. வாலை அடிக்காமல், நெஞ்சுத் துடுப்பு இரண்டையும் பறவை இறக்கை மாதிரி வீசிப் போகும். கண் இரண்டும் தனித்தனியே சுழன்று என்னை ஒரு பக்கமும் தீனியை ஒரு பக்கமும் பார்த்தது. அம்மாவும் நானும் விளக்கு போடாமலே நின்று பார்த்தோம்.

பிப்ரவரி 26, புதன்

ஒன்று கவனித்தேன். தினமும் மாலை நான்கு மணிக்கே மணலுக்குள் போய்விடுகிறது. விளக்கு எட்டு மணி வரை எரிகிறது, இருந்தும் போகிறது. உடம்பு சரியில்லையோ என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது: பாலி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நமக்கு நான்கு என்றால் அங்கே ஆறரை, பொழுது சாயும் நேரம். அதன் உடம்பில் இன்னும் அந்த ஊர்ச் சூரியன்தான் மறைகிறது. விடிகாலையில் எழுந்ததற்கும் அதுதான் காரணம். விளக்கு நேரத்தை முன்னால் தள்ளி வைத்துவிட்டு, நாளுக்குப் பத்து நிமிடமாக நம் நேரத்துக்குக் கொண்டுவரப் போகிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

மஞ்சள் பெரிய தொட்டிக்கு வந்தாயிற்று. அதற்கு முன் நேற்று ஆறுவரியைப் பிடித்தேன். சோடா பாட்டிலை வெட்டி, வாயைத் திருப்பி வைத்து, உள்ளே இறால் துண்டு. இரண்டு மணி நேரத்தில் மாட்டியது. வலை போட்ட சம்ப்பில், அதாவது தண்ணீரை வடிகட்டும் பக்கத் தொட்டியில், விட்டிருக்கிறேன். ஆறுவரியை முதல் மீனாக வாங்கியது என் பெரிய தவறு. சுண்டுவிரல் அளவுதான், ஆனால் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று நினைக்கும். புதிதாக வரும் எந்த ராஸையும் விரட்டி விரட்டியே கொன்றுவிடும். சாதுவை முதலிலும் முரடனைக் கடைசியிலும் விட வேண்டும். அந்த வரிசையை இப்போதுதான் சரிசெய்கிறேன்.

மஞ்சள் நேராக வலது மூலைக்குப் போய்ப் புதைந்தது. இந்த முறை மறுநாளே வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 26, சனி

சோலோரென்சிஸ் ஃபேரி ராஸ், ஓர் ஆண், இரண்டு பெண். மார்ச் கடைசியில் வாங்கித் தனித்தொட்டியில் நான்கு வாரம் வைத்திருந்தேன். இன்று ஓட்டை போட்ட அக்ரிலிக் பெட்டியோடு பெரிய தொட்டிக்குள் இறக்கினேன். ஒரு வாரம் எல்லோரும் எல்லோரையும் பெட்டி வழியாகப் பார்க்கட்டும்.

ஆணை மட்டும் தனியாக வைத்தால் நாளாக நாளாக நிறம் மங்கும். காட்டிக்கொள்ள எதிரில் ஒரு பெண் இருந்தால்தான் அந்தச் சிவப்பும் ஊதாவும் நிலைக்கும். இவை எல்லாமே பெண்ணாக வளர்ந்து, தேவைப்படும்போது ஆணாக மாறுபவை. ஆண் இறந்தால் பெரிய பெண் அந்த இடத்துக்கு வரும்.

ராஸுக்கு இரைப்பை கிடையாது. ஒரே வேளையில் நிறையப் போட்டால் பாதி வீண். காலை, மதியம், மாலை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறோம். மதிய வேளை அம்மாவுடையது.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று தொடக்கம். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓய்வில்லாமல் ஓடுகிறது, தண்ணீர் 26 டிகிரி.

பாறைகளைக் கொஞ்சம் மாற்றி அடுக்கி, ஆறுவரியைத் திரும்ப விட்டேன். பழைய வீடு அடையாளம் தெரியக் கூடாது. கூடவே வெளிப்பக்கம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டினேன். தன் பிம்பத்தை எதிரி என்று நினைத்து அங்கேயே நின்று முறைத்துக்கொண்டிருந்தது. ஃபேரிகள் நிம்மதியாகச் சுற்றின.

பார்த்துக்கொண்டிருக்கும்போது க்ளீனர் ராஸ் ஞாபகம் வந்தது. அதுவும் முதலில் பிம்பத்தோடு சண்டைதான் போடும். ஜப்பானில் மசனோரி கோடாவும் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அந்த மீனின் தொண்டையில் ஒரு நிறப்பொட்டு வைத்தார்கள். சில நாள் கண்ணாடியோடு பழகியிருந்த மீன், பொட்டைக் கண்ணாடியில் பார்த்ததும் போய்த் தரையில் தொண்டையைத் தேய்த்தது. கொளத்தூரில் அதை வாங்காமல் வந்தது நல்லதாயிற்று.

மே 11, ஞாயிறு

நேற்று இரவு ஒன்றரைக்குக் கரண்ட் போனது. இன்வர்ட்டரில் தண்ணீரை அசைக்கும் வேவ்மேக்கரும் ஏர் பம்ப்பும் ஓடின, சில்லர் ஓடாது. வெப்பமானியைப் பார்க்க டார்ச் அடித்தேன். வெளிச்சம் தவறிப் பாறை இடுக்கில் விழுந்தது.

ஆண் ஃபேரி தூங்கிக்கொண்டிருந்தது, தன்னைச் சுற்றிச் சளியால் ஒரு கூடு கட்டி, அதற்குள். கண்ணாடிக் குமிழி மாதிரி, மணல் துகள்கள் மேலே ஒட்டியிருந்ததால்தான் கூடு என்றே தெரிந்தது. இதே மாதிரி கூடு கட்டும் கிளிமீன்களை ஆராய்ந்த ஆஸ்திரேலியக் குழு, இரவில் இரத்தம் குடிக்க வரும் ஒட்டுண்ணிகளை அது தடுக்கிறது என்று கண்டு, கடலின் கொசுவலை என்றே பெயர் வைத்தது. அக்டோபரில் செத்துப்போன மீனும் ஒவ்வொரு இரவும் இப்படிக் கட்டியிருக்கும். நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

டார்ச்சை அணைத்துவிட்டேன். பயந்து கூட்டை உடைத்தால் இருட்டில் முட்டிக்கொள்ளும். வலது மூலையில் மணல் அசையாமல் இருந்தது. ஆறுவரி எந்த இடுக்கில் என்று தெரியவில்லை.

மூன்றே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. தண்ணீர் 27.4. காலையில் ஐந்து ராஸ்களும் தீனிக்கு வந்தன, மஞ்சள் மட்டும் கொஞ்சம் தாமதமாக.