நாலு நொடி

'வேலூர்' என்று தட்டி முடித்த பிறகுதான் முதல் எழுத்தையே வாசித்தது என்விடிஏ, பார்வையில்லாத எனக்குத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள். காட்பாடி ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி, ரயில் போன பிறகு.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்தது. தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, முந்தாநாள்தான் 11க்கு மாறினேன்.

"நைனா, உருண்டை சுத்திக்கினே இருக்குது" என்றான் மகன்.

அவனுக்கு அந்த உருண்டையாவது இருக்கிறது. எனக்கு வெறும் மௌனம். யோசிக்கிறதா, செத்துவிட்டதா? தெரியாமல் மறுபடி தட்டுவேன். அதையும் சேர்த்து அப்புறம் மொத்தமாக ஒப்பிக்கும்.

லேப்டாப்பின் இடப்பக்கம் உள்ளங்கையை வைத்தேன். நல்ல சூடு. உள்ளே ஹார்ட் டிஸ்க் கர் கர்ரென்று அரைத்துக்கொண்டிருந்தது.

சரி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப். டாஸ்க் மேனேஜர் வாய் திறக்கவே ஒரு டீ குடித்துவிடலாம். 'டிஸ்க் 100 சதவீதம்' என்றது. புது சிஸ்டம் என் கோப்புகளையெல்லாம் தேடலுக்காக மறுபடி பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது. பழைய டிஸ்க், பாவம், என்ன செய்யும்?

ஸ்டார்ட்-அப்பில் தேவையில்லாத இரண்டை நிறுத்தினேன். என்விடிஏ-வை ஆட்-ஆன் என்கிற கூடுதல் இணைப்புகள் இல்லாமல் மறுபடி தொடங்கினேன், கொஞ்சம் தேவலை. அப்புறம் சார்ஜரில் போட்டு, தூங்கவிடாமல் செட்டிங்கை மாற்றி, நான் தூங்கப் போனேன்.

காலையில் உள்ளங்கைக்கு ஜில்லென்று இருந்தது. 'வ' தட்டினேன்.

விரலை எடுக்கும் முன்பே "வ" என்றது.