ஸாலிப்யே நாட்குறிப்பு: கரிச்சுவரில் பூத்தவை

ஜூன் 14, 2025, சனி

போலந்தின் கிராக்கோவிலிருந்து தார்னூவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். அங்கிருந்து, வீடுகளில் பூ வரையும் கிராமமான ஸாலிப்யே முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் பஸ்ஸை நம்பிக் கிளம்ப முடியாது. என்னோடு வேலை செய்யும் தோழி காரில் கூட்டி வந்தாள். அவளுடைய பாட்டி வீட்டில்தான் அடுத்த ஞாயிறு வரை தங்கல்.

வீதியும் வரிசை வீடுகளுமாக இருக்கும் என்று நினைத்து வந்தேன். இங்கே ஒவ்வொரு வீடும் தன் வயலுக்கு நடுவில் தனியாக நிற்கிறது. ஒரு பூ வீட்டைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பார்க்க அரை மணி நேரம் நடக்க வேண்டியிருக்கிறது. இடையில் வருபவை பூ எதுவும் இல்லாத சாதாரண வீடுகள். பூ இருக்கும் வீட்டில் எதையும் விட்டுவைக்கவில்லை: ஜன்னல் சட்டம், கிணற்றுச் சுவர், கோழிக்கூடு, நாய்க்கூண்டு, எல்லாவற்றிலும் பூ.

ஜூன் 16, திங்கள்

காலை ஆறு மணிக்கே பாட்டி கிணற்றடியில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மழையில் கீழ்வரிசைப் பூக்கள் வெளிறிவிட்டனவாம். பென்சில் கோடு கிடையாது, அச்சும் கிடையாது. தூரிகையைச் சிவப்பில் தோய்த்துச் சுவரில் வைத்து அழுத்துகிறார், லேசாகத் திருப்பி எடுக்கிறார். ஒரு இதழ். அப்படி எட்டு. நடுவில் மஞ்சள் பொட்டு. பூ முடிந்ததும் கொஞ்சம் பின்னால் சாய்ந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டேன். "புகையிலிருந்து வந்தது பிள்ளை" என்றார்.

அவருடைய பாட்டி காலத்துக்கும் முந்தைய கதை. அப்போது குடிசைகளில் புகைபோக்கி இல்லை. அடுப்புப் புகை அறைக்குள்ளேயே சுற்றி, கூரைப் பொத்தல் வழியாகவும் கதவு வழியாகவும் வெளியேறும். சுவரெல்லாம் கரி ஏறிக் கிடக்கும். பண்டிகைக்கு முன்னால் பெண்கள் சுண்ணாம்பைக் கரைத்து, அந்தக் கரிச்சுவரில் வெள்ளைப் பொட்டு பொட்டாக வைப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புகைபோக்கி வைத்த அடுப்புகள் வந்தன. அதன் பிறகு வெள்ளையடித்த சுவர் வெள்ளையாகவே நின்றது. பொட்டு இருந்த இடத்தில் பூ வந்தது. சாயத்துக்கு எங்கே போவார்கள்? அடுப்புக்கரி, களிமண், சுண்ணாம்பு, கெட்டியாகப் பிடிக்கக் கொஞ்சம் பால். தூரிகைக்கு மாட்டு மயிர், இல்லையென்றால் நுனி நசுக்கிய குச்சி.

இன்று பாட்டி கையில் இருப்பது கடைச் சாயம். ஆனால் கோழிக்கூட்டுக்கு மட்டும் இன்னும் சுண்ணாம்புதான் அடிக்கிறார், பூச்சி அண்டாது என்பதால்.

ஜூன் 18, புதன்

இந்த ஊரில் பூ வரைந்த ஃபெலிட்சியா ட்சுரிவோவாவின் வீட்டுக்குப் போனேன். 1904-இல் பிறந்து 1974-இல் இறந்தவர். இப்போது அவர் வீடு அருங்காட்சியகம். அடுப்பைச் சுற்றிப் பூ, உத்தரத்தில் பூ. கூரையிலிருந்து வைக்கோலும் காகிதமும் கோத்த அலங்காரம் தொங்குகிறது. அதை இங்கே சிலந்தி என்கிறார்கள். ஸாலிப்யேயை வெளியுலகம் அறியச் செய்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஊர்ப் பெண்கள் கூடி வேலை செய்ய ஒரு பொது இல்லம் வேண்டும் என்று அலைந்தவரும் அவர்தான். அது 1970-களின் கடைசியில் திறந்தபோது பார்க்க அவர் இல்லை.

மாலை சாமான் வாங்கப் பக்கத்து நகரமான டோம்ப்ரோவா தர்னோவ்ஸ்காவுக்குப் போனோம். ஊர் நடுவே பிரம்மாண்டமான யூத ஜெப ஆலயம். அங்கே தொழுது வந்த மக்களை ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் கொன்றொழித்தார்கள். பல பத்தாண்டுகள் இடிந்து கிடந்த கட்டடத்தைச் சீரமைத்து 2012-இல் திறந்தார்கள். தொழ ஆள் இல்லாததால் இப்போது அது பண்பாட்டு மையம். வெளியே நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வட்டாரத்தைப் பற்றி எழுதும்போது பூக்களை மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்று கத்தோலிக்கர்களின் நற்கருணைப் பெருவிழா. போலந்து முழுக்க விடுமுறை. புனித சூசையப்பர் கோயிலுக்குள்ளும் ஸாலிப்யே பூக்கள்தான். குருவின் திருவுடையில்கூட அதே பூவைத் தையல் போட்டிருக்கிறார்கள்.

பவனி நான்கு பீடங்களில் நின்று நின்று போனது. வெள்ளை உடுப்புச் சிறுமிகள் கூடையிலிருந்து பியோனிப் பூவின் இதழ்களை வீசிக்கொண்டே முன்னால் நடந்தார்கள். பவனி முடிந்ததும் பீடத்தில் கட்டியிருந்த பிர்ச் மரக் கிளைகளை ஆளுக்கொன்று ஒடித்துக்கொண்டார்கள். பாட்டியும் ஒன்று எடுத்து வந்து கதவில் செருகினார். வசந்தகால நடவு முடிந்து அறுவடை தொடங்கும் முன் கிடைக்கிற இந்த இடைவெளியில்தான் வீட்டுக்குச் சாயம் தீட்ட நேரம் இருக்கும், பெருவிழாவுக்கு வீடும் புதிதாகிவிடும் என்றார்.

சாப்பாட்டுக்கு ஸ்ட்ராபெர்ரி வைத்த பியரோகி (கொழுக்கட்டை மாதிரி), மேலே புளித்த கிரீம். நான்கு முறை போட்டுக்கொண்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

நற்கருணைப் பெருவிழாவை ஒட்டி 'மலோவானா ஹாட்டா' போட்டி நடக்கும். பூ வரைந்த குடிசை என்று அர்த்தம். முதல் போட்டி 1948-இல், இரண்டாம் உலகப் போர் முடிந்த மூன்றாம் ஆண்டில். நடுவர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார்கள். பாட்டிக்குப் பரிசை விடப் பேச்சுத்தான் முக்கியம். யார் வீட்டில் நீலம் அதிகம், யார் மருமகள் தூரிகை எடுத்திருக்கிறாள், யார் வீட்டுச் சுவர் இந்த வருஷம் வெறுமனே இருக்கிறது என்று மத்தியானம் முழுக்க அதே பேச்சு. வெறும் சுவர் என்று இரண்டு வீடுகளைச் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. ஒரு வீட்டுக்காரிக்கு முதுகுவலி. இன்னொரு வீட்டுக்காரி போன மார்கழியில் இறந்துவிட்டார், பிள்ளைகள் கிராக்கோவில்.

கிளம்புவதற்கு முன் பாட்டி என்னிடம் ஒரு தூரிகையைக் கொடுத்து நாய்க்கூண்டின் பின்பக்கத்தைக் காட்டினார். இலைகள் மட்டும் போடச் சொன்னார். ஏழு இலை போட்டேன். மூன்றாவது வழிந்துவிட்டது. துடைக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு, அடுத்த வருஷம் அதன் மேலேயே வெள்ளை அடித்துவிடலாம். தூரிகையை மட்டும் நல்லாக் கழுவி வை."

கழுவித் தலைகீழாக ஜாடியில் வைத்துவிட்டு வந்தேன்.