சாட்சி கையெழுத்து: மில்வாக்கி டைரி, 2020

மார்ச் 14, சனி

கொரோனாவால லூசியானாவுல பிரைமரிய, அதாவது கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற ஓட்ட, தள்ளி வச்சிட்டாங்க. ஏப்ரல் 4 நடக்க வேண்டியது ஜூன் 20க்கு போயிடுச்சு, இன்னைக்கு ஜார்ஜியாவும் மார்ச் 24ல இருந்து மே 19க்கு மாத்திட்டாங்க. எங்க விஸ்கான்சின்ல ஏப்ரல் 7. எனக்கு இது முதல் ஓட்டு. ஜனவரில தான் சிட்டிசன் ஆனேன், பிப்ரவரி ரவுண்டு நடந்தப்ப நான் இந்தியால எங்க ஊர்ல இருந்தேன், அதனால இந்த ஏப்ரலுக்காக நாள் எண்ணிட்டு இருக்கேன்.

தள்ளி வைக்கிறதுன்னு கேட்டாலே எனக்கு வயித்த கலக்குது. எங்க ஊர் கோபி பக்கத்துல ஒரு சின்ன பஞ்சாயத்து. 2016 அக்டோபர்ல நடக்க வேண்டிய உள்ளாட்சி தேர்தல், ஐகோர்ட் ரத்து, வார்டு வரையறை, மறுபடியும் வழக்குன்னு இழுத்து இழுத்து கடைசில 2019 டிசம்பர்ல தான் நடந்துச்சு, அதுவும் 27 மாவட்டத்துல கிராமப்புறத்துக்கு மட்டும், டவுனுக்கு இன்னும் நடக்கல. மூணு வருஷம் ஊருக்கு தலைவரும் இல்ல மெம்பரும் இல்ல, தனி அலுவலர் தான். தெரு லைட்டு எரியலைன்னா யார்கிட்ட கண்ணு போய் கேக்கறதுன்னு அம்மா ஃபோன்ல கேப்பாங்க. முன்னாடின்னா தலைவர் வீட்டு வாசல்ல போய் நின்னு சத்தம் போடலாம். அந்த வாசல் மூணு வருஷம் இல்லாம போச்சு.

அதனால நோய் பெருசு தான், ஆனா தேதிய மாத்துறவங்க அடுத்த தேதிய கல்லுல எழுதி குடுக்கணும்னு தான் என் மனசு சொல்லுது.

மார்ச் 17, செவ்வாய்

ஒஹாயோல இன்னைக்கு ஓட்டு. இல்ல, இன்னைக்கு ஓட்டு இருந்துச்சு. தள்ளி வைக்கணும்னு கவர்னர் டிவைன் ஆதரவோட நேத்து கோர்ட்டுக்கு போனாங்க, ஜட்ஜ் முடியாதுன்னுட்டாரு, அப்புறம் ராத்திரியோட ராத்திரியா மாநில சுகாதார இயக்குனர் ஏமி ஆக்டன் இது சுகாதார அவசரநிலைன்னு சொல்லி பூத் எல்லாம் மூட உத்தரவு போட்டாங்க. விடிஞ்சா ஓட்டுன்னு படுத்தவங்க எந்திரிச்சு பாத்தா ஓட்டு இல்ல. அதே நாள்ல ஃப்ளோரிடா, இல்லினாய், அரிசோனா மூணும் நடத்திட்டாங்க.

எங்க வீட்டுக்காரருக்கு இதுல சந்தோஷம், உயிர் முக்கியம்ங்கறாரு. இவருக்கு ஆஸ்துமா, இவர் பயம் எனக்கு புரியுது. எனக்கும் உயிர் முக்கியம் தான், ஆனா கோர்ட் வேண்டாம்னு சொன்னதுக்கப்புறம் ஒரு அதிகாரி ராத்திரில ஒரு தேர்தலை நிறுத்த முடியும்னா, நாளைக்கு வேற ஒருத்தர் வேற காரணத்துக்கு நிறுத்தலாமே. சாப்பிடுறப்ப ரெண்டு பேரும் இதையே பேசி சாம்பார் ஆறிப்போச்சு.

மார்ச் 24, செவ்வாய்

வீட்டுலயே இருங்கன்னு எங்க விஸ்கான்சின் கவர்னர் டோனி எவர்ஸ் உத்தரவு, நாளைல இருந்து அமல். தேர்தல் மட்டும் அப்படியே இருக்காம். வெளிய வராத, ஆனா ஓட்டு போட வா.

ரெண்டு பேரும் ஒரே லேப்டாப்ல, ஒரே சாயங்காலம், மைவோட்ங்கற மாநில தேர்தல் சைட்டுக்கு போய் தபால் ஓட்டுக்கு அப்ளை பண்ணிட்டோம். முதல் தடவைன்னா லைசென்ஸ ஃபோட்டோ எடுத்து ஏத்தணும். நமக்கு இது பத்து நிமிஷ வேலை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு? 78 வயசு, வாக்கர் இல்லாம நடக்க மாட்டாங்க, ஃபோனு மடக்கி மூடுற பழைய ஃபோனு. அறுபதுகள்ல கறுப்பின மக்களுக்கு இந்த ஊர்ல வீடு வாடகைக்கு கூட குடுக்காத காலத்துல ஊர்வலம் போன கூட்டத்துல அவங்களும் ஒருத்தர், இந்த நாட்டுல ஓட்டுன்னா என்னன்னு எனக்கு சொல்லி குடுத்ததே அவங்க தான். வயசாலயோ நோயாலயோ வீட்டோட இருக்கறவங்களுக்கு ஐடி காப்பி வேண்டாம்னு ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்கு. பேப்பர் ஃபாரத்த பிரிண்ட் எடுத்து அவங்க கதவுல சொருகிட்டு ஃபோன்ல படிச்சு சொன்னேன், அவங்க எழுதுனாங்க.

மார்ச் 28, சனி

எவர்ஸ் நேத்து தான் கேக்குறாரு, பதிவான எல்லா வாக்காளருக்கும், 33 லட்சம் பேருக்கு, வாக்குச்சீட்டையே வீட்டுக்கு அனுப்பணும், சட்டசபை அனுமதி குடுக்கணும்னு. எவர்ஸ் டெமாக்ரட், சட்டசபை எதிர்க்கட்சி ரிபப்ளிகன் கைல. சபாநாயகர் ராபின் வாஸும் செனட்ல ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டும் முடியாதுன்னுட்டாங்க. நேரமும் இல்ல தான், பத்து நாள்ல அத்தனை கவர் அடிச்சு ஒட்டி அனுப்ப யாரால முடியும். இதே கோரிக்கைய மார்ச் 14ந்தேதி வச்சிருந்தா கதை வேற. எனக்கு எவர்ஸ் மேலயும் கோபம் இருக்கு, அத மறைக்க மாட்டேன்.

அங்க ஒஹாயோல பாருங்க, அன்னைக்கு நான் திட்டுன ஒஹாயோ தான், சட்டசபை கூடி ஏப்ரல் 28 வரைக்கும் தபால்லயே நடத்தலாம்னு மூணு நாள் முன்னாடி முடிவு பண்ணிட்டாங்க. அங்கயும் முதல்ல அப்ளிகேஷன அனுப்பி அப்புறம் சீட்டு வாங்கணும், சுத்து வழி தான், ஆனா கைல ஒரு மாசம் இருக்கு.

சைட்ல எனக்கும் இவருக்கும் ரெண்டு பேருக்குமே "அனுப்பியாச்சு"ன்னு காட்டுது.

ஏப்ரல் 2, வியாழன்

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நேத்தும் இவருக்கு முந்தாநேத்தும் சீட்டு வந்துருச்சு. எனக்கு வரல.

இங்க தபால் ஓட்டு கவர்ல சாட்சி கையெழுத்து வேணும், இன்னொரு வயசு வந்த சிட்டிசன், ஓட்டு போடுறத பக்கத்துல இருந்து பாத்து கையெழுத்து போட்டு அட்ரஸ் எழுதணும். தனியா இருக்கற வயசானவங்க யார வீட்டுக்குள்ள கூப்பிடுவாங்க, அதுவும் இப்ப? இந்த மில்வாக்கி கவுண்டில, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, இதுவரைக்கும் இறந்தவங்கள்ல பாதிக்கு மேல கறுப்பின மக்கள். அந்த அம்மா சர்ச்சுல தெரிஞ்சவங்க ரெண்டு பேர் ஏற்கனவே போயிட்டாங்க.

அதனால ஜன்னல் வழியா பண்ணோம். நான் வெளிய ஈர புல்லுல நிக்கறேன், அவங்க உள்ள டைனிங் டேபிள ஜன்னல் ஓரமா இழுத்து போட்டிருக்காங்க. வெறும் சீட்ட கண்ணாடில ஒட்டி வச்சு காட்டுனாங்க, எதுவும் குறிக்கலைன்னு நான் தலையாட்டினேன். அப்புறம் திரும்பி உக்காந்து, முதுக எனக்கு காட்டிட்டு, ஒவ்வொரு வட்டமா நிதானமா நிரப்புனாங்க. கை நடுங்குது, ஆனா அவசரமே இல்ல. மடிச்சு, கவர்ல போட்டு, நாக்கால ஒட்ட போனவங்க நிறுத்தி ஒரு பஞ்ச தண்ணில நனைச்சு ஒட்டுனாங்க. கையெழுத்து போட்டு கதவு ஓட்டை வழியா கவர வெளிய தள்ளுனாங்க. நான் என் பேனாவால, மாடிப்படில வச்சு, என் பேரு, என் அட்ரஸ். எழுதி முடிச்சு கவர ஜன்னல்ல காட்டினேன், கண்ணாடிக்கு அந்த பக்கம் உள்ளங்கைய வச்சாங்க.

வீட்டுக்கு வந்து பாத்தா ஃபெடரல் ஜட்ஜ் வில்லியம் கான்லி தீர்ப்பு. சாட்சி கிடைக்காதவங்க உறுதிமொழி எழுதி குடுத்தா போதும், சீட்டு ஏப்ரல் 13க்குள்ள வந்து சேந்தா போதும், அப்ளை பண்ண நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம். அப்ப எனக்கு பத்து நாள் இருக்குன்னு மூச்சு விட்டேன்.

ஏப்ரல் 4, சனி

சாட்சி வேண்டாம்ங்கறத நேத்தே அப்பீல் கோர்ட் நிறுத்திருச்சு. ஒரு நாள். அந்த ஒரு நாள்ல சாட்சி இல்லாம போஸ்ட் பண்ணவங்க கதி என்னன்னு யோசிச்சா தூக்கம் வரல. நல்லவேளை நாங்க ஜன்னல்ல நின்னோம்.

இன்னைக்கு எவர்ஸ் சட்டசபை சிறப்பு கூட்டம் கூட்டினாரு, தேர்தல தள்ளி வச்சு தபால்ல நடத்தலாம்னு. கூடுனாங்க, சுத்தியல தட்டுனாங்க, சில நொடில முடிச்சுட்டு போயிட்டாங்க. ஒரு வார்த்தை விவாதம் கிடையாது.

அவங்க பக்கம் ஒரு நியாயம் இருக்கு, அதையும் எழுதணும். இது ஜனாதிபதி வேட்பாளர் ஆக பைடனும் சாண்டர்ஸும் மோதுற பிரைமரி மட்டும் இல்ல. மேயர், கவுண்டி நிர்வாகி, ஸ்கூல் போர்டு, மாநில சுப்ரீம் கோர்ட் நீதிபதி எல்லாம் ஒரே சீட்டுல இருக்கு, இதே மாசம் நிறைய பேருக்கு பதவிக்காலம் முடியுது. தள்ளி வச்சா அந்த நாற்காலி காலி. தனி அலுவலர பாத்த ஊர்க்காரி நான், எனக்கு இது தெரியும். ஆனா அதுக்காகத்தான் சீட்ட வீட்டுக்கு அனுப்புன்னு கேக்கறாங்க, தள்ளியும் வைக்க மாட்டேன், அனுப்பவும் மாட்டேன்னா எப்படி?

ஏப்ரல் 6, திங்கள்

மதியம்: எவர்ஸ் தன் அதிகாரத்துல உத்தரவு போட்டுட்டாரு, நேர்ல ஓட்டு ஜூன் 9க்கு. போன வாரம் தனக்கு அந்த அதிகாரம் இல்லைன்னு சொன்னவரு.

சாயங்காலம்: மாநில சுப்ரீம் கோர்ட் 4-2ல ரத்து. நாளைக்கு தேர்தல் உண்டு.

ராத்திரி: வாஷிங்டன்ல நாட்டோட சுப்ரீம் கோர்ட் 5-4. சீட்டு 13ந்தேதி வரைக்கும் வந்து சேரலாம், ஆனா நாளைக்குள்ள தபால் முத்திரை விழுந்திருக்கணும். கைக்கே வராத சீட்டுல நாளைக்குள்ள எப்படி முத்திரை விழும்? நீதிபதி கின்ஸ்பர்க் அம்மா மறுப்பு தீர்ப்புல இதைத்தான் கேட்டிருக்காங்க, தங்கள் மேல தப்பே இல்லாத பல பேர் ஓட்டு போகும்னு. ரெண்டு தடவை படிச்சேன்.

எனக்கு இன்னும் வரல. தபால் பெட்டிய இன்னைக்கு நாலு தடவை திறந்து பாத்தேன். எங்க சிக்குச்சு, யார் தப்புன்னு எனக்கு தெரியாது, எல்லாருமே தலைக்கு மேல வேலைல இருக்காங்க, யாரையும் குத்தம் சொல்லி எழுதல. சீட்டு திருப்பி அனுப்பாதவங்க நேர்ல போடலாம்னு விதி இருக்கு. அப்பாவோட பழைய வேட்டில ஒரு முழம் வெட்டி, தலைமுடி ரப்பர் ரெண்டு கோத்து மாஸ்க் தச்சேன். இவர் எதுவும் பேசல, பாத்துட்டே இருந்தாரு. அப்புறம் ஊசில நூல் கோத்து குடுத்தாரு.

ஏப்ரல் 7, செவ்வாய்

மில்வாக்கில 6 லட்சம் பேர் கிட்ட இருக்கோம். வழக்கமா 180 பூத். இன்னைக்கு 5. அஞ்சே அஞ்சு ஹைஸ்கூல். பூத்ல வேலை பாக்கறவங்கள்ல நிறைய பேர் வயசானவங்க, பயந்து விலகிட்டாங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது. கிரீன் பே நகரத்துல 31 இருந்த இடத்துல 2. அதே நேரம் மேடிசன்ல 66 திறந்திருக்கு, அப்ப மனசு வச்சா முடியும் தானே.

ரிவர்சைடு ஹைஸ்கூலுக்கு ஆறரைக்கெல்லாம் போயிட்டேன், ஏழு மணிக்கு தான் திறப்பு, அப்பவே வரிசை முனை திரும்பி அடுத்த தெருவுக்குள்ள போயிருச்சு. ஆறடிக்கு ஒரு ஆள், அதனால வரிசை இன்னும் நீளமா தெரியுது. யாரும் கத்தல, யாரும் முந்தல. எனக்கு முன்னாடி நர்ஸ் யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு, நைட் டியூட்டி முடிச்சு நேரா வந்திருக்கா, நின்னுட்டே கண்ண மூடிக்குவா, வரிசை நகந்தா அவளுக்கு முன்னாடி இருந்தவர் திரும்பி மெதுவா கூப்பிடுவாரு. எனக்கு பின்னாடி ஒருத்தர் எட்டரைக்கு மணிய பாத்தாரு, ஒன்பதுக்கு ஷிஃப்ட்டுன்னாரு, ஒன்பதே கால் வரைக்கும் நின்னாரு, அப்புறம் தலைய ஆட்டிட்டு காருக்கு போயிட்டாரு. அவரும் தபாலுக்கு அப்ளை பண்ணி வராதவர் தான். அவர் போன இடம் ஆறடி காலியா கொஞ்ச நேரம் அப்படியே இருந்துச்சு.

உள்ள நேஷனல் கார்டுங்கற மாநில ராணுவப் படை பசங்க சாதாரண டிரஸ்ல, கிளவுஸோட. மாநிலம் முழுக்க 2,400 பேர் கிட்ட இறக்கியிருக்காங்களாம். பிளாஸ்டிக் தடுப்புக்கு அந்த பக்கம் லைசென்ஸ காட்டினேன், மாஸ்க்க ஒரு நொடி இறக்க சொன்னாங்க, நோட்டுல கையெழுத்து, சீட்டு, என் சொந்த கருப்பு பேனா. வட்டத்த நிரப்புறப்ப கை நடுங்குச்சு. மெஷின் சீட்ட இழுத்துக்கிச்சு. 2 மணி 50 நிமிஷம்.

வெளிய வந்து அம்மாவ கூப்பிட்டேன், அங்க ராத்திரி. "போட்டுட்டியா கண்ணு? போய் தலைக்கு ஊத்திக்கோ முதல்ல"ன்னாங்க. துணிய எல்லாம் கேரேஜ்லயே கழட்டிட்டு தலைக்கு ஊத்திட்டு, 14 நாள் மாடி ரூம் எனக்கு, கீழ இவருக்குன்னு பிரிச்சுக்கிட்டோம்.

ஏப்ரல் 8, புதன்

சாண்டர்ஸ் இன்னைக்கு பிரச்சாரத்த நிறுத்திட்டாரு. நேத்து எங்க வரிசைல அவருக்காகவே வந்த காலேஜ் பசங்க எத்தனை பேர்.

ஆஷ்காஷ், ஆப்பிள்டன் பக்கம் போக வேண்டிய சீட்டுங்க மூணு பெட்டி, 1,600 கிட்ட, தேர்தல் முடிஞ்சப்புறம் கிடைச்சிருக்காம். 1,600 தபால் பெட்டிய 1,600 பேர் தினம் திறந்து பாத்திருப்பாங்க.

ஏப்ரல் 13, திங்கள்

ரிசல்ட். மாநில சுப்ரீம் கோர்ட் நீதிபதி பதவிக்கு ஜில் கரோஃப்ஸ்கி, பதவில இருந்த டேனியல் கெல்லிய தோக்கடிச்சிட்டாங்க. 15 லட்சத்துக்கு மேல ஓட்டு விழுந்திருக்கு, அதுல 11 லட்சத்துக்கு மேல பூத்துக்கு போகாம முன்கூட்டியே போட்டது, பெரும்பாலும் தபால். ரெண்டு வாரம் முன்னாடி இதை முடியாதுன்னாங்க, ஜனங்க தாங்களே பண்ணிட்டாங்க. கவுண்டி நிர்வாகி டேவிட் க்ரௌலி 1,000 ஓட்டு சொச்சத்துல ஜெயிச்சிருக்காரு. ஒன்பதே காலுக்கு காருக்கு போன அந்த மனுஷன் இந்த இடத்துல ஞாபகம் வந்தாரு.

எனக்கு ஜுரம் இல்ல, இருமல் இல்ல.

ஏப்ரல் 29, புதன்

நேர்ல ஓட்டு போட்டவங்க, பூத்ல வேலை பாத்தவங்கள்ல 50 பேருக்கு மேல தொற்று வந்திருக்குன்னு மாநில சுகாதாரத்துறை சொல்லுது. அங்க தான் ஒட்டுச்சுன்னு அடிச்சு சொல்ல முடியாது, கடைக்கும் போயிருப்பாங்க, வேலைக்கும் போயிருப்பாங்க. ஆனா இந்த கேள்வியே வராம நடத்தியிருக்க முடியும், மார்ச்ல மூணு வாரம் கைல இருந்துச்சு.

மே 28, வியாழன்

மாநில தேர்தல் கமிஷன் நேத்து ஒரு முடிவு எடுத்திருக்கு, நவம்பர் ஜனாதிபதி தேர்தலுக்கு தபால் ஓட்டு அப்ளிகேஷன சுமார் 27 லட்சம் வாக்காளருக்கு வீட்டுக்கே அனுப்பறாங்களாம். கமிஷன்ல ரெண்டு கட்சி ஆளுங்களும் சரிக்கு சமம், எல்லாரும் சேந்து ஒத்துக்கிட்டாங்க. சீட்டு இல்ல, அப்ளிகேஷன் தான், ஐடி காப்பியும் சாட்சியும் அப்படியே இருக்கு. இருந்தாலும் அஞ்சு மாசம் முன்னாடி சொல்றாங்க, அதுக்கே எனக்கு மனசு குளுந்துச்சு.

பக்கத்து வீட்டு அம்மாகிட்ட ஜன்னல்ல நின்னு சொன்னேன். ஆகஸ்ட் 11 பிரைமரி ஒன்னு இருக்கே அதுக்கு முன்னாடின்னாங்க. சீட்டு அவங்களுக்கு இனிமே ஒவ்வொரு தேர்தலுக்கும் தானா வரும், அந்த கட்டத்த டிக் பண்ணதால. டேபிள் இன்னும் ஜன்னல் ஓரத்துலயே கிடக்கு, தள்ளவே இல்ல. ஆகஸ்ட்டுல புல்லு காஞ்சிருக்கும், ஒரு நாற்காலி எடுத்துட்டு வான்னாங்க.