கேட்டி ஹுராடோ நூற்றாண்டு: பார்வைக் குறிப்புகள்

2024 ஜனவரி 16

மெக்சிகோ நடிகை கேட்டி ஹுராடோ பிறந்து இன்றோடு நூறு ஆண்டுகள். ஹாலிவுட் கண்டெடுத்த புதுமுகம் என்று அவரை எழுதுவதை முதலில் நிறுத்த வேண்டும். 1943-லேயே மெக்சிகோவில் நடிக்க வந்துவிட்டார். வானொலியிலும் வேலை பார்த்தார், காளைச் சண்டை விமர்சனமும் எழுதினார். பட் பெட்டிக்கர் இயக்கிய ஹாலிவுட் படம் 'புல்ஃபைட்டர் அண்ட் த லேடி' (1951) வந்தபோது அவரிடம் இல்லாதது ஆங்கிலம் மட்டும்தான். வசனங்களை ஒலியாகவே மனப்பாடம் செய்து பேசினார்.

படத்தைத் தேடுபவர்கள் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 1951-ல் வெளியானது 87 நிமிடமாக வெட்டப்பட்ட பிரதி. பின்னாளில் மீட்டெடுத்தது 124 நிமிடம். அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஜனவரி 19

தெரியாத மொழியை ஒலியாகக் கற்றுப் பேசினால் எங்கே சறுக்கும்? உச்சரிப்பைக்கூடச் சமாளித்துவிடலாம், அழுத்தம்தான் காலை வாரும். ஸ்பானிஷ் பேசுபவர் எல்லா அசைகளுக்கும் ஏறக்குறைய ஒரே நீளம் கொடுப்பார். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தில் ஒன்றிரண்டு சொற்கள் கனக்கும், மற்றவை சுருங்கும். எது கனக்க வேண்டும் என்று தெரியாவிட்டால் வசனம் ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும். எதிரே நிற்பவர் தன் வரியின் கடைசிச் சொல்லை மாற்றினாலும் போச்சு, எப்போது வாய் திறப்பதென்று தெரியாது.

ஹுராடோவின் பேச்சில் இதற்கு விடை கிடைக்கிறது. ஒரு மூச்சுக்கு ஒரு சின்னத் துண்டு. துண்டு முடிந்ததும் நிறுத்தம். நிறுத்தத்தில் பார்வை எதிராளியை விட்டு நகராது. அடுத்த துண்டு வரும்வரை கண்தான் பேசுகிறது.

ஜனவரி 22

'ஹை நூன்' (1952). ஹெலன் ராமிரெஸ்: மதுக்கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் முதலாளி, ஊரின் காவல் அதிகாரி மார்ஷல் கேனின் பழைய காதலி. இந்த வேடத்துக்காக ஆங்கிலம் படித்தார்.

கடையை விற்கும் காட்சியை மட்டும் தனியாக இருமுறை பாருங்கள். இரண்டாயிரம் டாலர் கேட்கிறாள். வாங்குபவரிடம் அவ்வளவு இல்லை. எவ்வளவு முடியும் என்கிறாள், ஆயிரம் என்கிறார். மீதியை ஆறு மாதத்தில் கொடுத்தால் போதும் என்று முடித்துவிடுகிறாள். பேரமும் இல்லை, கண்ணீரும் இல்லை. வேறு நடிகை ஊரைவிட்டுப் போகும் துக்கத்தை இங்கே கொட்டியிருப்பார். ஹுராடோ கணக்கை மட்டும் பேசுகிறார். அதனால்தான் கேன் வந்து நிற்கும்போது, அவரைப் பார்த்து ஓராண்டாயிற்று என்று ஸ்பானிஷில் அவள் சொல்லும் ஒற்றை வரி அப்படி இறங்குகிறது. படம் முழுக்க அடக்கி வைத்த மொழி அங்கே சட்டென்று வெளியே வருகிறது.

ஒளிப்பதிவாளர் ஃப்ளாய்ட் கிராஸ்பி பழைய அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் புகைப்படங்கள்போல வறண்ட வெளிச்சத்தில் எடுத்தார். முகத்தை மென்மையாக்கும் பூச்சு கிடையாது. அந்த வெளிச்சத்தில் எந்த மிகை நடிப்பும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இதற்காக கோல்டன் குளோப் வாங்கினார். அதைப் பெற்ற முதல் லத்தீன் அமெரிக்க நடிகை அவர்தான்.

ஜனவரி 28

ஆங்கிலம் தெரியாததால்தான் மெதுவாகப் பேசினார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பாதிதான் உண்மை. லூயி புனுவேலின் 'எல் புரூட்டோ' (1953) பாருங்கள். கிழ வீட்டுக்காரரின் இளம் மனைவி பலோமா: சீண்டல், பொறாமை, வெறி, எல்லாம் தாய்மொழியில் கட்டவிழ்ந்து வருகிறது. இத்தனையும் கைவசம் இருந்தவர்தான் ஹெலனை அப்படி அடக்கி நடித்தார்.

பிப்ரவரி 4

'புரோக்கன் லான்ஸ்' (1954). இன்னொரு மெக்சிகோ நடிகை டொலோரஸ் தெல் ரியோவுக்குப் பதிலாக வந்த வேடம். படத்தில் ஸ்பென்சர் டிரேசியின் கொமாஞ்சே மனைவி. அவள் பழங்குடிப் பெண் என்பதை மறைக்க ஊரார் 'சென்யோரா' என்று அழைக்கிறார்கள்.

வயதுக் கணக்கைப் போட்டால் வயிறு எரிகிறது. ஹுராடோவுக்கு முப்பது. மகனாக வரும் ராபர்ட் வாக்னர் ஆறு வயதுதான் இளையவர். கணவரின் முதல் தாரத்து மகனாக வரும் ரிச்சர்ட் விட்மார்க் இவரைவிட ஒன்பது வயது மூத்தவர்! 'ஒன்-ஐட் ஜாக்ஸ்' (1961) இன்னும் மோசம்: மார்லன் பிராண்டோவும் இவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள், படத்தில் அவர் காதலிப்பதோ இவருடைய மகளை. வெள்ளையர் அல்லாத நடிகைக்குக் கதாநாயகி வேடத்தைக் கொடுக்காமல் இருக்க ஸ்டுடியோக்கள் கையாண்ட சுருக்குவழி, சீக்கிரம் தாயாக்கிவிடுவது.

'புரோக்கன் லான்ஸ்' தாய் வேடத்துக்குத்தான் ஆஸ்கர் பரிந்துரை வந்தது. லத்தீன் அமெரிக்க நடிகை ஒருவருக்கு அதுவே முதல்முறை. விருது ஈவா மேரி செயின்டுக்குப் போனது.

பிப்ரவரி 11

சாம் பெக்கின்பாவின் 'பாட் காரெட் அண்ட் பில்லி த கிட்' (1973). இங்கேயும் பிரதி முக்கியம். 106 நிமிடத் திரையரங்குப் பிரதியில் ஆற்றங்கரைக் காட்சியில் பாப் டிலன் குரலோடு பாட்டு வரும். 1988-ல் வந்த 122 நிமிடப் பிரதியில் அந்த இடத்தில் குரல் இல்லை, இசை மட்டும். ஹுராடோவுக்காகப் பார்ப்பவர்களுக்கு இரண்டாவதைச் சொல்வேன். வயிற்றில் குண்டு பட்ட ஷெரீஃப் கணவர் தண்ணீரைப் பார்த்து நடக்க, சற்றுத் தள்ளி ஹுராடோ மண்டியிட்டு அழுதுகொண்டே சிரிக்கிறார். வசனம் ஒன்றுமில்லை. பாட்டின் சொற்கள் குறுக்கே வராதபோது முகம் முழுசாகத் தெரிகிறது.

அடுத்து ஜான் ஹஸ்டனின் 'அண்டர் த வால்கனோ' (1984), பிறகு ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸின் 'த ஹை-லோ கன்ட்ரி' (1998). இரண்டிலும் சின்ன வேடங்கள்தான்.